மேற்படியார் இம்மண்ணைச் சேர்ந்தவர் அல்லர்

என்னிடம் ஓர் அட்டை இருக்கிறது. பச்சைக் கரை போட்ட பிளாஸ்டிக் அட்டை. அதில் என் படம், படத்துக்குக் கீழே ‘மண்ணின் மைந்தர்’ என்று தங்க எழுத்து, அதற்கும் கீழே ‘வரிசை எண் 1’. கடலூர் மாவட்டத்திலேயே முதல் மண்ணின் மைந்தன் நான்தான். இரண்டாவது மண்ணின் மைந்தன் ஜார்கண்ட்காரன். மூன்றாவது அட்டையை அடிக்கவே இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, வெங்காயம்! வெளியே சொல்லிவிட்டால் நெஞ்சில் கொஞ்சம் பாரம் இறங்காதா என்றுதான் சொல்கிறேன்.

என் பெயர் அருள்முருகன். பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கம்பெனியில் பதினாறு வருடமாகச் சூப்பர்வைசர். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பாய்லர், ஒரு களம், ஒரு கேட், கேட்டில் நான். பாய்லரில் வெந்த கொட்டையை ஆறவைத்துப் பெண்கள் முன்னால் கொட்டுவோம். அவர்கள் தரையில் உட்கார்ந்து கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஓடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரும். பருப்பு உடையக் கூடாது. விரல் என்ன ஆனாலும் பரவாயில்லை.

கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தை அரிக்கும். அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, புதுத்தோல் வந்து, அதுவும் உரிந்து, கடைசியில் ரேகை இருந்த இடம் மொழுமொழுவென்று ஆகிவிடும். ரேஷன் கடை மிஷினில் எங்கள் ஊர்ப் பெண்களின் விரலை எடுக்காது. வீட்டில் கொட்டை உடைக்காத ஆள் யாராவது போய் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் என்றால் எனக்கும் என்று அர்த்தம். அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் மொத்தம் நூற்றிருபது பேர். உள்ளூர்ப் பெண்கள் ஐம்பத்தெட்டு. சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வருகிற பெண்கள் நாற்பத்தாறு. பாய்லரைப் பார்த்துக்கொள்ள ஜார்கண்ட்டிலிருந்து வந்தவர்கள் பதினாறு. அவர்களுக்குத் தலைவன் சுக்ராம். பெண்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவன். வேன் பெண்களுக்குத் தலைவி என்று யாரையும் வைக்கவில்லை. ஆனால் அமராவதி அக்கா வாயைத் திறந்தால் எல்லோரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். பத்தொன்பது வருட சர்வீஸ்.

அவள்தான் கிளவுஸ் பேச்சை ஆரம்பித்தாள். ஒரு மனு எழுதினார்கள். எல்லோருக்கும் இரண்டு ஜோடி கிளவுஸ் வேண்டும், அவ்வளவுதான். படித்த பெண்கள் பேனாவை எடுத்தபோது அமராவதி தடுத்தாள்.

“கையெழுத்துப் போட்டா யாரு போட்டதுன்னு தெரிஞ்சிடும்டி. ஒருத்திய மட்டும் தனியாப் புடிச்சி நிறுத்துவாங்க. எல்லாரும் வெரல வையிங்க.”

நூற்றுநான்கு பேரும் வைத்தார்கள். மனுவை நான்தான் முதலாளி ராஜமாணிக்கத்திடம் கொண்டுபோனேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாய்யா அருளு இது? ஒண்ணுத்துலயும் கோடே இல்ல. எவனோ ஒருத்தன் ஒரே வெரல நூத்திநாலு தடவ வெச்சிருக்கான். சுத்த போர்ஜரி. போலீசுல குடுக்கட்டுமா?”

முப்பது வருடமாக முந்திரி வியாபாரம் செய்கிறவர் இப்படிக் கேட்டார். அந்த நீலப் பொட்டுகளில் ஒன்று என் வீட்டுக்காரி சந்திரலேகாவுடையது. அவளும் அந்தக் கொட்டகையில்தான் உடைக்கிறாள். அவள் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

“விசாரிக்கிறேங்க” என்றேன்.

மறுநாள் யாரும் கட்டையை எடுக்கவில்லை. உள்ளூர், வேன் என்று வித்தியாசமில்லாமல் கைகட்டி உட்கார்ந்தார்கள். சுக்ராம் பாய்லரை அணைத்துவிட்டு வந்தான். “அக்கா கட்டை நிக்குது, நம்ம பாய்லர் நிக்குது” என்றான். மூன்று நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் முதலாளி சிரித்துக்கொண்டே வந்து, “கிளவுஸ்தானேம்மா, வாங்கித் தராமயா பூடுவேன்? எலெக்ஷன் முடியட்டும்” என்றார். பெண்கள் கைதட்டினார்கள். அவர் ரூமுக்குள் போய் முதல் வேலையாக அண்ணன் சடையப்பனுக்குப் போன் போட்டார்.

அண்ணன் சடையப்பன் என்பவர் ‘மண்ணின் மைந்தர் உழைப்பாளர் மீட்புப் பேரவை’யின் மாவட்டத் தலைவர். உழைப்பாளர்களை யாரிடமிருந்து மீட்பது என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் பொதுக்குழு கூடி முடிவு செய்யும். இந்தத் தேர்தலில் எங்கள் பக்கம் அவர் வேட்பாளர். சேத்தியாத்தோப்புப் பக்கம் அவருடைய மச்சான் தமிழ்மணி வேட்பாளர். தலைவருடைய சம்சாரத்தின் தம்பி என்பதால் நேர்காணல் வீட்டிலேயே, சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிட்டது.

அண்ணன் கம்பெனிக்கு வந்து, முதலாளி ரூமில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“ராஜமாணிக்கம், நூத்தியிருவது பேரு ஒண்ணா நிக்கிறது நாட்டுக்கு நல்லதில்ல. மொதல்ல அந்த வடக்கத்தியான்ல ஆரம்பிப்போம். எல்லா எடத்துலயும் அதான் ஓடுது.”

முதலாளி பதறிவிட்டார். “ஐயோ, அவனுங்க மேல மட்டும் கைய வெச்சிடாதீங்கண்ணே. அந்தச் சூட்டுல நம்ம ஆளு எவன் நிப்பான்?”

“சரி உடு. வேன்ல வராங்களே, அவுங்களுக்கு ஓட்டு எங்க?”

“சேத்தியாத்தோப்புல.”

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. “அப்ப அவுங்கதான் அந்நியரு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, அரசியல்ல ஒண்ணு கத்துக்க. ஓட்டு இல்லாதவங்க மேல கோவப்படுறதுதான் செலவே இல்லாத கோவம்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். “சேத்தியாத்தோப்பும் நம்ம மாவட்டந்தானேண்ணே?”

“அதான தம்பி ஆபத்தே. தூரத்துக்காரன் ரயிலு ஏறி வரணும். இவுங்க வேன் ஏறி வந்துடுறாங்க பாரு.”

“அங்க உங்க மச்சானுக்கு அவுங்க ஓட்டு வேணுமேண்ணே?”

“அவன் அங்க பண்ருட்டிக்காரங்கள வெரட்டுவான். நம்மூரு ஆளுங்க நாப்பது பேரு அங்க நெல்லு மில்லுல மூட்ட தூக்குறாங்க இல்ல? அவனுக்கு அவுங்க, எனக்கு இவுங்க. குடும்பத்துக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாது தம்பி.”

அங்கேயே என் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, என்னை ‘மண் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்’ ஆக்கிவிட்டார். பதினாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் துண்டைக் கழற்றவில்லை.

அன்று சாயங்காலம் கொட்டகையில் கூட்டம். வேன் கிளம்பிப் போன பிறகு வைத்தார்கள்.

“தாய்மார்களே!” என்று அண்ணன் தொண்டையைத் திறந்தார். “இந்த மண்ணுல வெளஞ்ச முந்திரிய இந்த மண்ணுல பொறந்த கைதான் ஒடைக்கணும்! அடுத்த ஊருக் கை எதுக்கு இங்க? அவுங்க வரலேன்னா செவ்வாக்கெழம கூட உங்களுக்கு வேலை இருக்குமா இருக்காதா?”

அன்றைக்குப் பாய்லரில் வெந்துகொண்டிருந்த கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. மேடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளில் நாட்டின் பெயரே எழுதியிருந்தது. மூட்டையைத் திருப்பி வை என்று முதலாளி கண்ணைக் காட்டினார். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன்.

பெண்கள் முதலில் சிரித்தார்கள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சரக்கு குறைவாக வருகிற நாள் அது. பாதிப் பேருக்கு வேலை இருக்காது. அடுத்த வாரமே தண்ணீர்க் குடத்தருகில் பேச்சு குறைந்தது. ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இரண்டு பாய் கொண்டுவந்தார்கள். இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று பேரவை சுறுசுறுப்பானது.

கொட்டகைக்கு நடுவில் மஞ்சள் நைலான் கயிறு கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. நான்தான் கட்டினேன். வடக்கே உள்ளூர், தெற்கே வேன். கட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் சந்திரலேகா தன் கட்டையையும் சாம்பல் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து சரியாகக் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்தது சேத்தியாத்தோப்பு.

“பொறந்த ஊரு அந்தப் பக்கம், வாக்கப்பட்ட ஊரு இந்தப் பக்கம். நீயே சொல்லு மாமா, எந்தக் கால எங்க வைக்கட்டும்?”

இரண்டு பக்கமும் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்து சாம்பல். வேன் பெண்கள் தங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பையில் கொண்டுவருவார்கள். அமராவதி கொண்டுவருவது மாவு மாதிரி இருக்கும். சந்திரலேகா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இரண்டு கையும் கொப்பளித்து, சோற்றைப் பிசைய முடியாமல் அழுதபோது, அந்தச் சாம்பலைப் பூசி, பத்து நாள் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டவள் அமராவதிதான். இப்போது பேரவை ஒரு தீர்மானம் போட்டது: ‘வெளியூர்ச் சாம்பல் கேட்டுக்குள் அனுமதிக்கப்பட மாட்டாது.’ கேட்டில் பையைச் சோதிக்கும் பொறுப்பு ஒருங்கிணைப்பாளருக்கு. நான் சோதித்தேன். அவர்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்கள். அதை மட்டும் பார்க்காத மாதிரி இருந்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று இதைத்தான் சொல்ல முடிகிறது. என்ன கேவலம்!

இதற்குள் ஓர் அடிப்படைக் கேள்வி கிளம்பிவிட்டது. உள்ளூர் ஆள் என்றால் யார்? கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு லாட்ஜ் ரூமில் பேரவையின் வரையறைக் குழு கூடியது. ஏழு நிர்வாகிகள், ஜமுக்காளம், முந்திரி பக்கோடா. ‘இந்த மண்ணில் பிறந்தவரே இம்மண்ணின் மைந்தர்’ என்று எழுதி முடித்ததும் ஒருத்தர் கையைத் தூக்கினார்.

“அப்ப கட்டிக்கிட்டு வந்த பொம்பளைங்க எல்லாம் வெளியூரு ஆயிடுவாங்களேண்ணே? அண்ணியே அந்தப் பக்கத்துக்காரங்கதானே?”

அண்ணி என்றால் தலைவருடைய சம்சாரம். பக்கோடா தட்டு அப்படியே நின்றது. உடனே ஒரு திருத்தம் போட்டார்கள்: ‘தாலியின் வழியாக மண்ணேறியவர்களும் மைந்தரே.’ கைதட்டல் முடிவதற்குள் இன்னொருத்தர் எழுந்தார்.

“தலைச்சன் புள்ள எல்லாம் அம்மா வூட்டுலதானேண்ணே பொறக்குது? நானே குறிஞ்சிப்பாடில பொறந்தவன்.”

ஏழு பேரில் ஐந்து பேர் தலைப்பிள்ளைகள். தலைவர் உட்பட. முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நம் முன்னோர்கள் தேர்தலை யோசிக்காமல் ஏற்படுத்திவிட்டார்கள் என்று தலைவர் வருத்தப்பட்டார். கடைசியில், “மனுசன் முடிவு பண்ணா பாரபட்சம் வரும். மிஷினு முடிவு பண்ணட்டும்” என்றார்.

மிஷினைக் கொண்டுவந்தவர் பேரவையின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் ராபர்ட். கடலூர் டவுன்காரர். புதுச்சேரியில் ஜிம்முக்கு வருகிறவர்கள் விரல் வைத்துவிட்டு உள்ளே போகும் மிஷின் அது. விரலில் ரேகை இருந்து, அது எடுத்துவிட்டால் பச்சை விளக்கு. எடுக்காவிட்டால் சிவப்பு. ராபர்ட் அதில் குரல் பதிவு செய்திருந்தார். பச்சைக்கு, ‘வாழ்க மண்ணின் மைந்தரே!’ சிவப்புக்கு, ‘மேற்படியார் இம்மண்ணைச் சேர்ந்தவர் அல்லர்.’ மைந்தருக்கு உடனே அட்டை அடித்துத் தர ஒரு பிரிண்டர்.

“இது எப்பிடிங்க ஊரக் கண்டுபுடிக்கும்?” என்று கேட்டேன்.

“கண்டுபுடிக்காது. நம்ம ஆளுங்கள மட்டும்தான க்யூவுல விடப்போறோம்? அவுங்களுக்கு ரேகை இருக்கும். பச்ச எரியும். முடிஞ்சிது. வேன்காரங்கதான் க்யூவுலயே இருக்க மாட்டாங்களே!”

ராபர்ட் டவுனில் பிறந்து வளர்ந்தவர். முந்திரியைத் தட்டில் மட்டும் பார்த்தவர். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். விழாவுக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, நோட்டீஸில் என் பெயரும் இருந்தது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்தல், நாற்காலி, வாழைமரம். எங்கள் உள்ளூர்ப் பெண்கள் ஐம்பத்தெட்டுப் பேரையும் பஸ் வைத்துக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். அட்டை வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு குக்கர் என்பதால் பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள முதலாளி சுக்ராமை அனுப்பியிருந்தார்.

முதலில் நான் விரலை வைத்தேன். பச்சை. ‘வாழ்க மண்ணின் மைந்தரே!’ கைதட்டல். என் விரலுக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது. பதினாறு வருடத்தில் ஒரு கொட்டை உடைத்ததில்லை. அடுத்து வோல்டேஜ் கொஞ்சம் ஆடியது. ராபர்ட் சரிபார்ப்பதற்காகப் பக்கத்தில் நின்ற சுக்ராமின் கையை இழுத்து வைத்தார். பச்சை. ‘வாழ்க மண்ணின் மைந்தரே!’ பிரிண்டர் அட்டையைத் துப்பியது. சுக்ராம் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நன்றி ஐயா” என்றான்.

மூன்றாவது சந்திரலேகா. ஒருங்கிணைப்பாளர் வீட்டு அம்மா என்பதால் அவளுக்கு முன்னுரிமை. வைத்தாள்.

‘மேற்படியார் இம்மண்ணைச் சேர்ந்தவர் அல்லர்.’

ராபர்ட் விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். முந்தானையில் துடைத்து வைத்தாள். அல்லர். இடது கை. அல்லர். தேங்காய் எண்ணெய் தடவி. அல்லர். அடுத்து ஒருத்தி, அதற்கடுத்து ஒருத்தி. பத்துப் பேர் வைத்தார்கள், பத்துப் பேரும் அல்லர். ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது. ஒரு பெண் அழுதேவிட்டாள். “எங்க தாத்தன் பூட்டன் எல்லாம் இங்கதான பொறந்தாங்க, இது இன்னா இப்பிடிச் சொல்லுது!” பத்திரிகைக்காரர்கள் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள்.

அண்ணன் சடையப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “மிஷினு பொய் சொல்லாது!” என்று ஆரம்பித்துவிட்டு, முன்வரிசையில் இருப்பது ஐம்பத்தெட்டு ஓட்டு என்பது ஞாபகம் வந்து நிறுத்தினார். சுற்றும் முற்றும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நம்ம ஒருங்கிணைப்பாளரு சொல்லுவாரு. தம்பி, நம்ம சகோதரிங்க வெரலுக்கு இன்னா ஆச்சி?”

மைக் என் வாய்க்கு வந்தது. பதில் இரண்டே வார்த்தை. ‘கிளவுஸ் இல்லங்க.’ அதைச் சொல்ல மூச்சுக் கூடத் தேவையில்லை. எதிரே முதலாளி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தடவிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் பெண்டாட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. இவன் சொல்லிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

“தெரியலிங்க. கொஞ்ச நாளாத்தான் இப்பிடி” என்றேன்.

“கொஞ்ச நாளாவா?” அண்ணன் அதை லபக்கென்று பிடித்துக்கொண்டார். “கேட்டீங்களா மக்களே! கொஞ்ச நாளா! வெளியூருச் சாம்பலு! பக்கத்துல உக்காந்து, சாம்பலக் குடுத்து, நம்ம பொம்பளைங்க ரேகையத் திருடிக்கினு பூட்டாங்க சேத்தியாத்தோப்புக்காரங்க! ஆமாவா இல்லியா தம்பி?”

“ஆமாங்க” என்றேன்.

முதலாளிதான் முதலில் கைதட்டினார். மறுநாள் பேப்பரில் வந்த தலைப்பு: ‘ரேகைத் திருட்டு: உடனடி விசாரணை தேவை’. உள்ளே, ‘சம்பவத்தை நேரில் கண்ட சூப்பர்வைசர் தகவல்’ என்று என் பெயர்.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்திரலேகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டாள்.

“அந்த அக்கா சாம்பலு இல்லேன்னா எனக்குக் கையே இருந்திருக்காது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் சொன்னியா?”

நான் முன்னால் போய் வீட்டுப் பூட்டைத் திறந்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வேன் போகவில்லை. நாற்பத்தாறு பேருக்கும் வேலை கிடையாது என்று ஒரு பட்டியலைக் கேட்டில் என் கையில் கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்கு அமராவதி பஸ் பிடித்து, பஸ் மாறி, வியர்த்து வந்து நின்றாள்.

“வேனு வரல தம்பி. ரிப்பேரா?”

பட்டியலைக் காட்டினேன். முதல் பெயர் அவளுடையது. அவள் அதை நிதானமாகப் படித்தாள்.

“பேப்பர்லயும் படிச்சேன். எஞ்சாம்பலாலதான் ஆச்சின்னு நீ சொன்னியாமே?”

“மேலிடத்துல கேட்டாங்கக்கா... நான் இன்னா பண்றது...”

“கிளவுஸு கேட்டதுக்குத்தான் இவ்ளோமும்னு உனக்குத் தெரியாதா? சரி, உன்னயும் ஒருத்தன் தனியாப் புடிச்சி நிறுத்திட்டான்.” பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “சந்திரலேகாகிட்டக் குடு. அவளுக்கு எடது கையில பொத்துப் போயிருக்கு. இங்க அடுப்புச் சாம்பலு சலிக்காம இருக்கும், எரியும்.”

வெளியூர்ச் சாம்பலை உள்ளே விடக் கூடாது என்பது விதி. பொட்டலத்தை வாங்கி வண்டி டிக்கியில் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் அது டிக்கியிலேயே கிடந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை அவளிடம் கொடுப்பது? கடைசியில் அவளே பெட்ரோல் போடத் திறந்தபோது பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு விட்டார்களா? மிஷின் ஒன்றுதான் இருந்தது. மச்சான் தமிழ்மணிக்கும் விழா வைக்க வேண்டும். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. மிஷினைக் கொண்டுபோகிற பொறுப்பு எனக்கு. அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் வேன் பெண்கள் நாற்பத்தாறு பேர். ‘பண்ருட்டியால் விரட்டப்பட்ட நம் மண்ணின் மகள்கள்’ என்று பின்னால் பேனர்.

அமராவதி முதலில் விரலை வைத்தாள். அதே விரல்தானே.

‘மேற்படியார் இம்மண்ணைச் சேர்ந்தவர் அல்லர்.’

நடுவில் ஓடும் வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கமும் அல்லர், இந்தப் பக்கமும் அல்லர். தமிழ்மணி அசரவில்லை. மாமா சடையப்பன் அனுப்பியிருந்த பேச்சைப் பையிலிருந்து எடுத்தார். மஞ்சக்குப்பத்தில் பேசிய அதே பேச்சு. ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டு மாற்றி எழுதியிருந்தார்கள்.

“பக்கத்துல உக்காரவெச்சி, நம்ம பொம்பளைங்க ரேகையத் திருடிக்கினு பூட்டாங்க பண்ருட்டிக்காரங்க!” என்று படித்தார்.

அந்தத் தேர்தல் முழுக்கப் பேரவை பேசிய பேச்சில் உண்மையாகிப்போன வரி அது ஒன்றுதான். அதுவும் தவறிப்போய். மண்டபமே கைதட்டியது. அமராவதி கைதட்டவில்லை. மிஷினுக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை அவள் பார்த்தாள். நான் குனிந்து பிளக்கைச் சரிசெய்கிற மாதிரி இருந்தேன். பிளக் சரியாகத்தான் இருந்தது.

மாமா ஜெயித்தார். மச்சானும் ஜெயித்தார். நெல் மில்லில் மூட்டை தூக்கிய எங்கள் ஊர் ஆட்கள் நாற்பது பேரும் வேலை போய் ஊருக்குத் திரும்பினார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமை வேலை வந்ததா என்று கேட்காதீர்கள். சுக்ராம் ஊரிலிருந்து இன்னும் முப்பது பேரைக் கூட்டிவந்தான், முதலாளி சொல்லித்தான். வேன் பெண்களின் இடத்தில் அவர்கள் உட்கார்ந்து உடைக்கிறார்கள். கிளவுஸைப் பற்றி நான் ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன்.

“ரேகைதான் பூடுச்சேய்யா அருளு, இனிமே கிளவுஸு எதுக்கு?” என்றார் முதலாளி. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

தேர்தல் முடிந்ததும் பேரவைக்கு மிஷின் தேவைப்படவில்லை. முதலாளி அதை வாங்கிக் கேட்டில் மாட்டிவிட்டார். இனிமேல் வருகைப் பதிவு அதில்தான். ஆனால் பெண்களின் விரலை அது எடுக்கவில்லை. விரல் வைக்காவிட்டால் அன்றைக்கு வரவில்லை என்று கணக்கு. என்ன செய்வது என்று முதலாளியிடம் கேட்டேன்.

“உன் வெரலு நல்லாத்தான இருக்குது? ஒவ்வொருத்தி உள்ள வரும்போதும் நீயே வெச்சிடு” என்றார்.

இப்போது தினமும் காலையில் எட்டு மணிக்குக் கேட்டில் நிற்கிறேன். பெண்கள் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருத்தி உள்ளே நுழையும்போதும் என் விரலை வைக்கிறேன். ஒரே விரல், ஐம்பத்தெட்டு தடவை. ராபர்ட் பதிவு செய்த குரலை யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் அது என்னை வாழ்த்துகிறது. முதலில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதுமில்லை.

வரிசையில் ஏழாவதாக சந்திரலேகா வருவாள். முந்தானையில் சாம்பல் முடிச்சு இருக்கும். அந்தப் பொட்டலம் தீர்ந்துபோய் வெகுநாள் ஆயிற்று. பிறகும் எப்படியோ சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறது. யார் மூலமாக என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். இன்று காலை அவள் முறை வந்தபோது என் கை மிஷினுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவள் தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு என் விரலைப் பார்த்தாள்.

“வெய்யி மாமா, நேரமாவுது” என்றாள்.

வைத்தேன்.

‘வாழ்க மண்ணின் மைந்தரே!’